பிளேட்டு தேய்ந்ததா, பெட்டி கெட்டதா

இண்டூர்
10-6-84

மாதாவே துணை.

தெரசாவுக்கு அண்ணன் சவுரியப்பன் எழுதுவது. இங்கே நானும் மகன் சின்னப்பனும் மருமகள் மதலைமேரியும் பிள்ளைகளும் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் எழுதிவிடாதே. முழங்கால் வலித்தால் வலிக்கிறது என்று எழுது.

பிலோமினாவுக்குத் தை மாதம் கலியாணம் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். பெண்ணுக்கு என் ஆசீர்வாதம். சின்னப்பனும் மருமகளும் வருவார்கள். நான் வரமாட்டேன். காரணம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன் என்று நீ சிரித்தாலும் மறுபடி எழுதுகிறேன்.

உன் கலியாணம் ஆகமன காலத்தில் நடந்தது. கிறிஸ்துமஸ் வரை மேளமும் பாட்டும் கூடாத காலம். தங்கவயல் சுரங்கத்தில் உன் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் லீவு என்பதால், சத்தம் இல்லாமல் நடத்துகிறோம் என்று சாமியாரிடம் உத்தரவு வாங்கினார்கள். எனக்கு ஒரே தங்கச்சி. இழவு வீடு மாதிரி ஊமையாகவா கட்டிக் கொடுப்பது? தர்மபுரிக் காபிக் கடை முதலாளியின் கிராமபோன் பெட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஒரே ஒரு பிளேட்டு வைத்தேன். பாதிப் பாட்டில், கழுத்தில் மாலையோடு எழுந்து வந்து ஊசியைத் தூக்கிவிட்டார் உன் வீட்டுக்காரர். பந்தல் முழுக்க என்னைத்தான் பார்த்தது. அந்த மனுஷனின் வாசற்படியை மிதிப்பதில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதுதான்.

வேறு விஷயம். கம்பைநல்லூரில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அதில் இருந்த டிரங்குப் பெட்டி நூர் பாஷாவின் பழைய சாமான் கடைக்கு வந்தது. உள்ளே எல்லாம் பிளேட்டுகள், கெட்டியான அரக்குப் பிளேட்டுகள். நான் போனதும் அவன், "பெரியவரே, இந்த ஜில்லாவுலயே இத வாங்கறவரு நீங்க ஒருத்தருதாங்க. நீங்க இல்லாட்டி நான் இதுல தோசை ஊத்தித்தான் திங்கணும்" என்று கத்தினான். "ஊத்துடா. உன்னூட்டுத் தோசையும் இதே கருப்புதானே" என்றேன். அதற்கு என்னவோ பதில் சொல்லிச் சிரித்தான். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசினால் யாருக்கு விளங்கும்? இந்தக் காலத்து ஜனங்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

பிளேட்டுகள் நல்ல சரக்கு. என் பெட்டிதான் சரியில்லை. போன வருஷத்திலிருந்து சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. ஊசி மாட்டுகிற சவுண்டு பாக்ஸில் அப்ரகத் தகடு போயிருக்கும். மாற்ற வேண்டும்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.
சவுரியப்பன்


சாம்பியன் ரீப், தங்கவயல்
27-6-84

அன்புள்ள அண்ணனுக்குத் தெரசா எழுதிக்கொண்டது. சுகம். முழங்கால் வலிக்கிறது. எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். உங்களுக்கு என்ன வலிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைப் பிலோமினாதான் உரக்கப் படித்தாள். "அம்மா, மாமா மறுபடி ஊசிக் கதையத் தூக்கிட்டாரு" என்று சிரிக்கிறாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. "நான் சாமியாருக்கு வார்த்தை குடுத்திருந்தேன். ஆனா மெதுவா வந்து மச்சான் காதுல சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணா, என் நாலு பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் நீங்கள் வரவில்லை. மூத்தவர்கள் மூன்று பேர் கலியாணத்துக்கும் வரவில்லை. இது கடைசிக் கலியாணம். நம் அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது நீங்கள்தான். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போகையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் மறுபடியும் அடுத்த தெருக்காரர் யாரையாவது நிறுத்தச் சொல்கிறீர்களா? என்ன செய்தால் வருவீர்கள் என்று எழுதுங்கள். உங்களிடம் இனி வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

ஒரு செய்தி. எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. போகும்போது ரேடியோகிராமை எங்களிடம் விட்டுப் போனார்கள். மின்சாரத்தில் சுற்றுகிறது. உங்கள் பழைய பிளேட்டும் அதில் பாடுமாம். ஆனால் எங்களிடம் ஒரு பிளேட்டுகூட இல்லை. அதன் மேல் துணி போட்டு மாதா சுரூபம் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதலைமேரியிடம் கோபப்படாதீர்கள்.
தங்கை தெரசா


இண்டூர்
15-7-84

மாதாவே துணை.

தெரசாவுக்கு, இங்கே எல்லோரும் சுகம். எனக்கு எதுவும் வலிக்கவில்லை. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவு.

என்ன செய்தால் வருவேன் என்று கேட்டிருக்கிறாய். ஊசியைத் தூக்கியவர் தன் கையால் மன்னிப்பு எழுதி அனுப்பட்டும். நீ எழுதக் கூடாது, பிலோமினா எழுதக் கூடாது. "காதில் சொல்லியிருக்கலாம்" என்பதெல்லாம் மன்னிப்பு ஆகாது.

பெட்டிக்குப் புதிதாக சவுண்டு பாக்ஸ் வாங்கி மாட்டினேன். பயன் இல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் போட்டேன். பயன் இல்லை. மெல்லிய ஊசியை எடுத்துவிட்டுத் தடித்த ஊசி போட்டேன். கொஞ்சம் தேவலை. பிறகு நானே ஒரு யோசனை செய்து, ஊசி மாட்டும் கைக்கு மேல் ஈயக் கட்டி ஒன்றை வைத்துக் கட்டினேன். பாரம் ஏறினால் ஊசி அழுந்தும், அழுந்தினால் சத்தம் வரும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போனவனும் இல்லை. காபிக் கடையில் டம்ளர் கழுவிக்கொண்டு, முதலாளி கேட்ட பிளேட்டை எடுத்துக் கொடுக்க வேண்டி லேபிளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். எனக்குத் தெரியாததா?

ஈயம் வைத்தும் பெட்டி முனகத்தான் செய்கிறது. ஆனால் இந்த வீட்டில் இருப்பவர்களின் அட்டூழியத்தைக் கேள். நான் பிளேட்டு வைத்தால் மதலைமேரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள். கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். எதிர்வீட்டில் மாது என்று ஒருவன், அவன் வந்து காதுக்குப் பக்கத்தில் நின்று, "பெரியவரே, கொஞ்சம் மெதுவா வெய்யுங்க. எருமை மெரண்டுக்கிட்டு பால் எறக்க மாட்டேங்குது" என்று கத்துகிறான். "முனகற பெட்டிக்கு மெரளுதுன்னா அது எருமையே இல்லடா, சந்தையில வித்துப்போட்டு ஆடு வாங்கு" என்றேன். ஒரு பெரிய மனுஷன் பாட்டுக் கேட்பது இவர்களுக்குப் பொறுக்கவில்லை.

பேருந்துக்காரர்களும் இப்போது ஹாரன் அடிப்பதில்லை. முந்தாநாள் ஒருவன் பின்னாலேயே வந்து இடிக்கப் பார்த்தான்.

கர்த்தர் காப்பாராக.
சவுரியப்பன்


(தபால் கார்டு)
தங்கவயல்
6-8-84

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு ராஜப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நலம். தங்கள் நலமே வேண்டும்.

எங்கள் கலியாணத்தன்று சபை நடுவில் தாங்கள் வைத்த பாட்டை நிறுத்தியது என் தவறு. தங்கள் மனம் நோகும் என்று அந்த வயதில் யோசிக்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தெரசாவுக்காக அல்ல, எனக்காகவே கேட்கிறேன். பிலோமினா கலியாணத்துக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும்.

ராஜப்பன்


இண்டூர்
2-9-84

மாதாவே துணை.

தெரசாவுக்கு, எல்லோரும் சுகம். மழை இல்லை.

உன் வீட்டுக்காரர் எழுதியது வந்தது. மன்னிப்பைக் கார்டிலா எழுதுவது? தபால்காரன் வழியெல்லாம் படித்துக்கொண்டு வந்து, கடைத்தெருவில் வைத்து, "பெரியவரே, தங்கவயல்ல இருந்து உங்களுக்கு மன்னிப்பு வந்திருக்குதுங்க" என்று கூவிக் கொடுத்தான். இந்த ஊரில் வாயைத் திறந்து தெளிவாகப் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அதுவும் இதற்குத்தான் பயன்பட்டது. டீக்கடையில் ஒவ்வொருவனும், "என்னங்க, மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்கிறான். அன்றைக்கும் சபை நடுவில் அவமானம், இன்றைக்கும் சபை நடுவில் மன்னிப்பு.

தவிர, தை மாதம் துவரை அறுப்பு. சின்னப்பனுக்கு விவசாயம் பற்றாது. அவனைக் கலியாணத்துக்கு அனுப்பிவிட்டு நான் இருந்து பார்க்க வேண்டும். பசுவும் அப்போதுதான் கன்று போடும் போலத் தெரிகிறது. இத்தனை கூட்டத்தில் என்னைப் போன்ற கிழவன் வந்து என்ன ஆகப் போகிறது? தாலி எடுத்துக் கொடுப்பவர் சாமியார்.

இன்னொரு காரியம். ராயக்கோட்டைத் தக்காளி லாரி உங்கள் ஊர் மார்க்கெட்டுக்கு வருகிறது. டிரைவர் நமக்குத் தெரிந்தவன். அவனிடம் வைக்கோல் வைத்துக் கட்டி கொஞ்சம் பிளேட்டு கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ரேடியோகிராமில் வைத்துப் பார். பெட்டியில் மாற்ற வேண்டியது எல்லாம் மாற்றிவிட்டேன். ஆகவே பிளேட்டுகள்தான் தேய்ந்திருக்க வேண்டும். நூர் பாஷா தேய்ந்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றே நினைக்கிறேன். பிளேட்டு தேய்ந்ததா, பெட்டி கெட்டதா என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்தாக வேண்டும். வைத்துப் பார்த்து, உள்ளதை எழுது. இதைச் சீக்கிரம் எழுது.

சவுரியப்பன்


சாம்பியன் ரீப், தங்கவயல்
24-9-84

அண்ணனுக்குத் தெரசா எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். மனதுக்குச் சுகம் இல்லை.

அவர் அந்தக் கார்டை எழுத ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். தபாலாபீசுக்கு நடந்து போய் அவரே போட்டுவிட்டு வந்தார். என்ன செய்தால் வருவீர்கள் என்று கேட்டேன், சொன்னீர்கள், செய்தாயிற்று. இப்போது கார்டு ஆகாது, துவரை அறுக்கணும், பசு கன்று போடணும். அப்படியானால் ஊசியைத் தூக்கியது காரணமே இல்லை. வர மனம் இல்லை. அதை நேரே எழுதியிருக்கலாம். எனக்கு அழுகை வருகிறது, ஆகையால் இதை இத்தோடு விடுகிறேன்.

பிளேட்டுகள் வந்தன. ஒன்றுதான் ஓரம் உடைந்தது. மற்றதெல்லாம் வைத்துப் பார்த்தோம். உள்ளதை எழுது என்றீர்கள். கீச் கீச் என்று ஒரு இரைச்சல் இருக்கிறது, மற்றபடி எல்லாமே நன்றாகக் கேட்கிறது. அடுத்த வீட்டுக்காரி வந்து, "யாருடி அது பாடறது, கோயில் வரைக்கும் கேட்குது" என்றாள். ஆகவே பிளேட்டில் பழுது இல்லை.

அவர் ஒவ்வொரு பிளேட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கோடெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது என்றார். உங்கள் ஈயக் கட்டி விஷயத்தை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். எதிர்வீட்டு எருமை விஷயத்தையும் படிக்கச் சொன்னார். நான் கடிதம் எழுத உட்கார்ந்ததும், "தெரசா, நல்லா கேட்குதுன்னு எழுதாத" என்றார். "ஏன், அண்ணன் அதத்தான கேட்டிருக்காரு" என்றேன். "கேட்டாரு. ஆனா அவரு கேட்டது அது இல்ல" என்கிறார். எனக்கு விளங்கவில்லை. அண்ணனுக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. ஆகவே எழுதிவிட்டேன்.

தெரசா


சாம்பியன் ரீப், தங்கவயல்
4-11-84

அன்புள்ள அண்ணனுக்கு,

அக்டோபர் முழுக்கக் காத்திருந்தேன். உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் கோபமாக எழுதியதால் இருக்கும் என்று நினைத்தேன். இப்போது டெல்லியில் பிரதமரைச் சுட்டுக் கொன்றதில் பஸ் இல்லை, ரயில் இல்லை, தபாலும் இல்லை, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மதலைமேரியின் கடிதம் மட்டும் அதற்கு முன்பே வந்துவிட்டது.

கிராமபோன் பெட்டியைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டீர்களாம். நூர் பாஷா வீட்டுக்கே வந்து, "சித்தேரி மலையில இருந்து புதுசா பிளேட்டு வந்திருக்குதுங்க பெரியவரே, வந்து ஒரு பார்வை பாருங்க" என்றதற்கு எழுந்திருக்கவே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட கடைசி வரிசையில் போய்த் தனியாக நிற்கிறீர்களாம். மதலைமேரி வேறு ஒன்றும் எழுதினாள். நீங்கள் எனக்கு எழுதாததை நானும் எழுதமாட்டேன்.

என் கடிதத்தில் பிளேட்டு பற்றி எழுதியதை நீங்கள் அழித்துவிடலாம். கலியாணத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். உங்களிடமிருந்து கடிதம் வராத வீட்டில் கலியாண வேலை ஓடவில்லை.

மாதா உங்களோடு இருக்கட்டும்.
தங்கை தெரசா


தங்கவயல்
20-11-84

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு ராஜப்பன் எழுதுவது. இந்த முறை கார்டில் எழுதவில்லை. ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். தாங்கள் மட்டும் படிக்கலாம்.

தாங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: பிளேட்டு தேய்ந்திருக்கிறது. தெரசா நன்றாகக் கேட்கிறது என்று எழுதியது, ரேடியோகிராமின் குமிழை முழுசும் திருப்பி வைத்துக் கேட்டதால். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. ஈயக் கட்டியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இனி அந்தப் பிளேட்டுகளைப் போட வேண்டாம், போட்டால் இன்னும் தேயும். ஒன்று செய்யலாம். என்னிடம் இருக்கிற மெல்லிய ஊசியில் ஒரு தடவை நான் கேட்டு, கேட்டதை எழுதி அனுப்புகிறேன். நான் வைண்டர் அறையில் இருந்தவன். கீழே பாறைக்குள் இருப்பவர்கள் மணி அடிப்பார்கள், அதைக் கேட்டுத்தான் கூண்டை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். ஒரு மணியை விட்டால் ஆள் போய்விடுவான். ஆகவே கவனமாகக் கேட்பது எனக்குப் பழக்கம்.

முதல் பிளேட்டு, லேபிள் கிழிந்தது. தொடக்கத்தில் சோளத் தட்டையில் தூறல் விழுவது போல ஊசியின் சத்தம். பிறகு ஹார்மோனியம். ஒரு கட்டை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு தாமதமாக விடுகிறது. பிறகு ஒரு அம்மாள் பாடுகிறார். சின்னப் பெண் இல்லை, நாற்பது வயது இருக்கும். மழை பெய்யாத மேகத்தைத் திட்டுகிற பாட்டு. 'போன வருஷமும் இப்படித்தான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாய்' என்று வருகிறது. திட்டுகிறாரே தவிர, குரலில் கோபம் இல்லை. வாசலுக்கு வந்துவிட்டு உள்ளே வராமல் போகிற சொந்தக்காரரைக் கூப்பிடுவது போல இருக்கிறது. மூன்றாவது அடியில் மூச்சு வாங்குகிறார், அது பிளேட்டில் பதிந்திருக்கிறது. கடைசியில் குரலை இறக்காமல் மேலேயே நிறுத்திவிடுகிறார். நான் முடிந்துவிட்டதா என்று ஊசியைப் பார்த்தேன். முடிந்துவிட்டது.

இரண்டாவது, பச்சை லேபிள். பாட்டு இல்லை, வேடிக்கைப் பேச்சு. புருஷன் சந்தையில் எருமை வாங்கி வருகிறான். பெண்சாதி, "வால் எங்கேய்யா?" என்கிறாள். "வால் தனியா விக்கறாங்களாம், அடுத்த வாரம் வாங்கலாம்" என்கிறான். அவள் துடைப்பத்தை எடுக்கிற சத்தம். அவன் ஓடுகிற சத்தம், அது யாரோ மேசையில் விரலால் தட்டுவது. பிறகு ஒரு டோலக்கு. அவ்வளவுதான்.

மற்றவை அடுத்த கடிதத்தில். தங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

ராஜப்பன்


இண்டூர்
9-12-84

மாதாவே துணை.

தெரசாவுக்கு, சுகம். சாப்பிடுகிறேன். பசு கிடாரிக் கன்று போட்டது, நினைத்ததற்கு முந்தியே.

இந்தக் கடிதத்தின் மீதியை உன் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டு.

பச்சை லேபிள் பிளேட்டு காபிக் கடையில் நான் ஆயிரம் தடவை போட்டது. டோலக்குக்கு முன்னால் ஒரு சிரிப்பு உண்டு. அதை எழுதாமல் விட்டிருக்கிறார். ஒரு மணியை விட்டால் ஆள் போய்விடுவான் என்று எழுதிவிட்டு ஒரு சிரிப்பையே விடலாமா? மறுபடி வைத்துப் பார்க்கச் சொல். மேகத்துப் பாட்டு நான் அறியாதது. லேபிள் கிழிந்திருந்ததால் என்ன பிளேட்டு என்று தெரியாமலே வாங்கினேன், வாங்கின பிறகும் தெரியவில்லை. நூர் பாஷாவைக் கேட்டால் "நல்ல பாட்டுதாங்க" என்பான், அவனுக்கு எல்லாமே நல்ல பாட்டு. மூன்றாவது அடியில் அந்த அம்மாள் மூச்சு வாங்குவதாக எழுதியிருக்கிறார். அடியின் தொடக்கத்திலா, நடுவிலா? நடுவில் என்றால் பாட்டுக்காரி இல்லை, வீட்டுப் பெண். தொடக்கத்தில் என்றால் தேர்ந்தவள். இதையெல்லாம் தெளிவாக எழுத வேண்டும்.

சித்தேரி மலையிலிருந்து வந்த பிளேட்டுகளை நேற்று நூர் பாஷாவிடமிருந்து எடுத்து வந்தேன். "என்னங்க பெரியவரே, கோவம் தீர்ந்துதுங்களா?" என்றான். "உன் மேல எனக்கு என்னடா கோவம்?" என்றேன். தக்காளி லாரியில் அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஆகமன காலம் தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் வரை அவர் பாட்டு வைக்க வேண்டாம். சிரிப்பை மட்டும் கேட்கலாம் என்று நினைக்கிறேன், அது பாட்டில் சேராது. எதற்கும் உங்கள் சாமியாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈயத்தை எடுத்துவிட்டேன்.

கர்த்தர் காப்பாராக.
சவுரியப்பன்


தங்கவயல்
30-12-84

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு ராஜப்பன் எழுதுவது. கிறிஸ்துமஸ் நல்லபடியாகக் கழிந்தது. தாங்கள் சொன்னபடி பண்டிகை முடிந்த மறுநாள்தான் பிளேட்டு வைத்தேன். சிரிப்பையும் அதுவரை தள்ளி வைத்தேன்.

சிரிப்பு இருக்கிறது. என் தவறு. டோலக்குக்கு முன்னால், தூரத்தில். அந்தப் பெண்ணுடையது இல்லை, புருஷன் வேஷக்காரருடையதும் இல்லை. பின்னால் நிற்கிற யாரோ அடக்க முடியாமல் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டது போல இருக்கிறது. நாலு தடவை வைத்துக் கேட்டேன். நாலாவது தடவை நானும் சிரித்துவிட்டேன்.

மேகத்துப் பாட்டில் அந்த அம்மாள் மூச்சு வாங்குவது அடியின் நடுவில். தாங்கள் சொல்வது சரி, வீட்டுப் பெண்தான்.

மலையிலிருந்து வந்த பிளேட்டுகளையும் பார்த்தேன். ஒன்றில் நாதஸ்வரம், வாசிக்கிறவர் நடுவில் ஒருமுறை ஒதுங்கி, தவில்காரருக்கு இடம் விடுகிறார். அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. தாங்கள் பக்கத்தில் இருந்தால் மேசையில் தட்டிக் காட்டுவேன், தாங்களும் மேசையில் கை வைத்திருந்தால் போதும்.

கலியாணம் ஜனவரி 23, புதன்கிழமை. கோயிலில் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். தாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். எங்கள் லைனில் பாதிப் பேர் சுரங்கத்துக்குள் வெடி வைத்தவர்கள். அந்தச் சத்தத்திலேயே இருந்தவர்கள். ஆகவே இங்கே யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். முகத்துக்கு நேரே வந்து, கையை ஆட்டிக்கொண்டு, ஒன்றையே இரண்டு தடவை சொல்வார்கள். அமைதியான ஊரிலிருந்து வருகிற தங்களுக்கு அது சங்கடமாக இருக்கலாம். அதற்காகவும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தெரசா பக்கத்தில் நிற்கிறாள். அவளும் எழுதட்டுமா என்றேன். நான் எழுதினால் அழுது கெடுத்துவிடுவேன், நீங்களே எழுதுங்கள் என்கிறாள்.

ராஜப்பன்


இண்டூர்
13-1-85

மாதாவே துணை.

தெரசாவுக்கு, நாங்கள் எல்லோரும் சுகம். நாளை பொங்கல் என்று மாதுவின் வீட்டில் எருமைக்குக் கொம்பில் வர்ணம் தயாராக வைத்திருக்கிறார்கள். இப்போது நல்ல பால் இறக்குகிறதாம்.

நான் வருகிறேன். மன்னிப்புக் கேட்டதற்காக வருவதாக யாரும் நினைக்க வேண்டாம். அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நாதஸ்வரத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை என்று எழுதியிருந்ததால், நேரில் வர வேண்டியதாகிவிட்டது. துவரையை மாது பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். "போயிட்டு வாங்க பெரியவரே, நாலு நாள் எங்க எருமையும் தூங்கட்டும்" என்றான். அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆகவே முழுசும் விளங்கியது.

சின்னப்பனோடு கலியாணத்துக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை வந்து சேருவேன். எனக்குத் தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். பிலோமினாவுக்குத் தாய்மாமன் சீர் எடுத்தாகிவிட்டது, மதலைமேரி பார்த்து எடுத்தாள், நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போகும்போது நானே கூட நடப்பேன். பூசையில் எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், யாரும் சைகை காட்ட வேண்டாம்.

விருந்துப் பந்தியில் மட்டும் ஒரு ஏற்பாடு செய்துவிடு. எனக்கு வலப்பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார வேண்டும். புது மாப்பிள்ளையைச் சொல்லவில்லை, நம் மாப்பிள்ளையைச் சொல்கிறேன். அந்தக் காது பக்கம் வேறு யாரையும் உட்கார வைக்காதே. இடப்பக்கம் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அவர்கள் என்ன பேசினாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

சவுரியப்பன்